உள்ளே சரக்கு ஒன்றுதான்

வேலை கிடைக்க இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி என்று என் மனைவி சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் எடை இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும், பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் சோதிப்பது என் உத்தியோகம். யார் எதைக் கொடுத்தாலும் அதில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதற்கு இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஆபீஸில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காது ஒன்றும் செவிடு இல்லை.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து வைப்பார்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். எதிர்வீட்டு நர்ஸ்தான் இவளுக்குச் சொன்னது. கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். வக்கீல் வாயை மூடுவதற்குள் இவள் கடைசி வரியை அடித்து முடித்திருப்பாளாம். பிறகு என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பதினோரு வருஷம் படுக்கை. புரட்டிப் படுக்க வைத்ததும் குளிப்பாட்டியதும் இவள்தான். அவர் போன பிறகு நாலு இடத்தில் வேலை கேட்டாள். வயதைக் கேட்டார்கள், காபி கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிறுவனம் நாற்பத்தெட்டு வயது வரை எடுக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை. இவளுக்கு நாற்பத்தெட்டு முடிய நாலு மாதம் இருந்தது. நர்ஸிடம் பழைய லேப்டாப்பை இரவல் வாங்கி, நான் ஆபீஸ் போன நேரத்தில் மூன்று மாதம் பழகினாள். தேர்வு எழுதியவர்கள் இருநூறு பேர், தேறியவர்கள் பதினாலு பேர், அதில் இவளும் ஒருத்தி.

"இத விட்டா எனக்கு வேற இல்லைங்க," என்றாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. காய்கறிப் பட்டியல் சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

பாக்கி இருந்த படி, சொந்தக் கம்ப்யூட்டர். அதுவும் ஏதோ ஒன்று போதாதாம். அதில் போட்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ரோ பதிப்பாக இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு கூடாது என்று விதி. திங்கட்கிழமை காலை வீடியோவில் வந்து பார்ப்பார்களாம்.

"எந்தப் பதிப்பா இருந்தா அவங்களுக்கு என்ன? டைப் அடிக்கப் போறது உன் விரல்தானே?"

"நோயாளிங்க விவரமெல்லாம் இருக்குமாம். அதனால மொத்த டிஸ்க்கையும் பூட்டணுமாம். அந்தப் பூட்டு ப்ரோவுலதான் இருக்காம்."

"சாவி?"

"சாவி இல்ல, நம்பர். நாப்பத்தெட்டு இலக்கம். தேர்வானதும் அவங்களே பூட்டிட்டு நம்பரை எனக்குக் குடுப்பாங்க."

"எனக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குவாங்களாம்."

"யாருக்கும்னா ஊர்ல இருக்கறவங்களுக்கு. நான் யாராம்?"

"இதுல கோவிக்க என்னங்க இருக்கு? நோயாளிங்க சமாச்சாரம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் எந்த அலமாரிக்கும் பூட்டு கிடையாது. இருந்த ஒன்றிரண்டுக்கும் சாவி தொலைந்துவிட்டது. அவள் டப்பாவில் என்ன இருக்கிறது, பையில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. தப்பாக எதுவும் இருந்ததே இல்லை. இருந்தாலும் பார்ப்பேன். கை பழகிவிட்டது.

மறுநாளே விசாரணையை ஆரம்பித்தேன். முதலில் நர்ஸ். ஆள் சேர்த்துவிட்டால் அவளுக்கு ஏதாவது கிடைக்குமா என்று வாயைக் கிளறினேன். "எனக்கு என்ன சார் கிடைக்கும், அக்கா கையால ஒரு வாய் காபி கிடைக்கும்," என்று சிரித்தாள். சிரித்து மழுப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, வேலை தேடுகிறவன் மாதிரி குழைந்து பேசினேன். ஒரு பெண் பொறுமையாக எல்லா விதியையும் படித்துக் காட்டினாள். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று கேட்டேன். எந்தக் கடையிலும் வாங்கலாமாம். இந்தப் பதிலில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்கு உறுத்தியது.

சனிக்கிழமை மதியம் தனியாகக் கடைக்குப் போனேன். அவளும் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். பொம்பளை ஆசைப்பட்டு நிற்பதைப் பார்த்தால் கடைக்காரன் விலையை ஏற்றுவான் என்று காரணம் சொன்னேன்.

"அப்ப நீங்களே பாத்துட்டு வாங்க. ப்ரோ, மறந்துடாதீங்க," என்றாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

முதல் கடை பெரியது. கண்ணாடிக் கதவு, உள்ளே எலும்புவரை குளிர். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளன் நான் வாயைத் திறப்பதற்குள், "ப்ரோவே எடுத்துக்கங்க சார், பின்னாடி வருத்தப்பட மாட்டீங்க," என்றான். யாருக்கு வாங்குகிறேன், எதற்கு வாங்குகிறேன் என்று ஒரு கேள்வி கிடையாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ப்ரோன்னா ப்ரோ சார்," என்றான். தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நிச்சயமாகிவிட்டது. வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை ஒரு மாடிப்படிக்கு மேலே. பாதி கடை, பாதி ரிப்பேர். மேசை முழுக்கத் திறந்து கிடந்த பெட்டிகள். கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த மெக்கானிக், ஒரு சின்ன மின்விசிறியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்துக்கொண்டே பேசினார். ஸ்க்ரூக்களை ஒரு மாத்திரை டப்பாவில் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. பிடித்ததால் இன்னும் ஜாக்கிரதையாக இருந்தேன்.

"வீட்டுக்குன்னா ஹோமே போதும் சார்," என்றார்.

விற்க உட்கார்ந்திருப்பவன் விலை குறைந்ததைக் காட்டினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். பழைய சரக்கைக் கழித்துவிடப் பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் கடையில் கேட்டதையே இவரிடமும் கேட்டேன்.

"பெருசா இல்ல சார். உள்ள சரக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா?"

"ஹோம்குள்ளயே ப்ரோவும் இருக்கு. மூடி வெச்சிருப்பாங்க. காசு கட்டி ஒரு நம்பர் வாங்கிப் போட்டா திறந்துக்கும். புதுசா எதையும் கொண்டுவந்து கொட்டறதில்ல. பத்து நிமிஷ வேலை."

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சலவைத்தூள் கிடங்கில் ஒரே அண்டாவிலிருந்து இரண்டு விதப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று நீலப்பெட்டி, சாதாரணம். இன்னொன்று தங்கநிறப்பெட்டி, விசேஷம். கையும் களவுமாகப் பிடித்து அறிக்கை எழுதியவன் நான். அப்பேர்ப்பட்டவனிடமே தங்கநிறப்பெட்டியை நீட்டுகிறார்களா?

"அப்ப ப்ரோங்கறதே பித்தலாட்டம்தானே?"

மெக்கானிக் பிரஷைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்ல முடியாது சார். பூட்டு வேணும்னா ப்ரோ வேணும். ஆபீஸ் வேலைக்கு அது கேப்பாங்க. யாருக்கு வாங்கறீங்க?"

"வீட்டம்மாவுக்கு. ஏதோ டைப் அடிக்கிற வேலை."

"அவங்க என்ன கேட்டாங்க?"

சட்டைப் பையில் துண்டுச் சீட்டு இருந்தது. நான் எடுக்கவில்லை.

"கேட்டதையே வாங்கிக் குடுங்க சார். பின்னாடி உங்களுக்குத்தான் பேச்சு விழும்," என்றார்.

விலை வித்தியாசம் இரண்டு மாதப் பால் செலவு இருக்கும். அதற்காகத்தான் ஹோம் வாங்கினேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் எண்ணிப் பார்த்துச் செலவு செய்கிறவன்தான், கஞ்சன் இல்லை. என் வீட்டுக்குள் நான் திறக்க முடியாத ஒரு பெட்டி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்தெட்டு இலக்கம் அவள் தலைக்குள் இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளைச் சந்தேகப்பட்டேனா என்று கேட்டால், ஆமாம். எதற்காகச் சந்தேகப்பட்டேன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், பாலித்தீனை உரித்தாள், வயர்களைத் தன் மடியில் வைத்துப் பிரித்தாள்.

"ப்ரோதானே?"

"எல்லாம் பாத்துட்டேன். ப்ரோதான்."

உள்ளே சரக்கு ஒன்றுதான், ஆகவே இது பொய் ஆகாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். இதே கணக்கை எந்தக் கடைக்காரனாவது என்னிடம் சொல்லியிருந்தால் அவன் கடைக்குச் சீல் வைத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பினாள். கம்ப்யூட்டர் விவரம் என்று ஒரு கட்டம், பதிப்பு என்று அதில் ஒரு வரி. ப்ரோ என்று எழுதினாள். மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அழகாக விழவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனில் படமெடுத்து அனுப்பினாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா படுத்திருந்த அறையைக் கழுவித் துடைத்தாள். மேசையை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டாள். வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்று திருப்பிப் போட்டாள். நாற்காலிக்கு ஒரு தலையணை. வேலை நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி என்று சொல்லி, கதவில் ஒரு தாளை ஒட்டினாள். அதில், "உள்ளே வேலை நடக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

"எனக்கும் சேத்துத்தானா இது?"

"உங்களுக்குத்தான் முக்கியமா," என்று சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். மெக்கானிக் கடை ஞாயிறு மதியம்வரை திறந்திருக்கும் என்று பலகையில் பார்த்திருந்தேன். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தத் தாள் கண் முன்னால் நின்றது. என் வீட்டில் எனக்கே போர்டு மாட்டுகிறாளே என்று ரோஷம் வந்தது. திங்கட்கிழமை வரப்போகிறவர்கள் பதிப்பையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார்கள், முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் உள்ள தராசையெல்லாம் திருப்பிப் பார்ப்பவனுக்கு, இன்னொருத்தரும் திருப்பிப் பார்ப்பார் என்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பத்து மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

பெண் குரல் ஒன்று கேட்டது. வயது முப்பதுக்குள் இருக்கும். வணக்கம் சொன்னது, பேரைச் சரிபார்த்தது, காமிராவைத் திருப்பி அறையைக் காட்டச் சொன்னது. சுத்தமாக இருக்கிறது மேடம் என்று பாராட்டியது. ஒரு டாக்டர் குரலைப் போட்டு அடிக்கச் சொன்னது. விசைகள் மழைபோல் விழுந்தன. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"வேகம் ரொம்ப நல்லா இருக்கு மேடம். பிழையே இல்ல. இப்ப செட்டிங்ஸ் போங்க. சிஸ்டம். அதுல கடைசியா அபௌட்னு இருக்கும். திறந்தீங்களா? எடிஷன்னு ஒரு வரி இருக்கும், படிங்க."

க்ளிக் சத்தம் இரண்டு கேட்டது. நான் காதைக் கதவோடு அழுத்தினேன்.

"மேடம்?"

"ஹோம்னு போட்டிருக்குங்க," என்றாள் என் மனைவி.

"ஃபார்ம்ல ப்ரோன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா. எழுதினேன்."

"நீங்க திறந்து பாக்கலையா மேடம்? ரெண்டு க்ளிக்தானே?"

"எங்க வீட்டுக்காரர் பாத்து வாங்கிட்டு வந்தார். அவர் பாத்துட்டா நான் மறுபடி பாக்கறதில்லைங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரையில் ஒரு பெண், பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். "உள்ள சரக்கு ஒண்ணுதாம்மா!" என்று கத்தினேன். "கடையில கேட்டுப் பாருங்க! ஒரு நம்பர் போட்டா போதும். இப்பவே ஓடிப் போய் வாங்கிட்டு வரேன், பத்து நிமிஷம் குடுங்க!"

"சார், நீங்க யாரு? சோதனை நேரத்துல ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதே."

என் மனைவி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"மாத்திடலாம் சார், மெஷினை மாத்திடலாம்," என்றது அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "கையெழுத்தை எப்படி மாத்தறது? ஃபார்ம்ல ஒண்ணு, மெஷின்ல ஒண்ணுன்னு இருந்தா நான் அப்படியேதான் எழுதணும். இல்லன்னா நான் பொய் எழுதினதா ஆகும். ஸாரி மேடம். உங்க டைப்பிங் ரொம்ப நல்லா இருந்தது."

அவள் சரியாகத்தான் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். என் உத்தியோகத்தில் எத்தனை பேர் கையைக் கூப்பிக்கொண்டு, இப்பவே சரிபண்ணிடறோம் சார் என்று நின்றிருக்கிறார்கள்! ஒருத்தருக்கும் பத்து நிமிஷம் கொடுத்தது கிடையாது.

திரை அணைந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுச் சீட்டை, மெக்கானிக் சொன்னதை, பூட்டை, நாற்பத்தெட்டு இலக்கத்தை, ஒன்று விடாமல். அழுகை வந்தது, அழுதேன். கடைசியில், "பூட்டு பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள். "நான் வேணும்னா வேலையே வேணாம்னு இருந்திருப்பேன். இல்ல, உங்களோட சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். ரெண்டுல ஒண்ணு நானே செஞ்சிருப்பேன்." பிறகு எழுந்துபோய்க் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் உரித்து எடுத்து மடித்து வைத்தாள்.

நிறுவனத்துக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன், தப்பு என்னுடையது என்று. ஒன்றுக்குப் பதில் வந்தது. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம், வயது வரம்புக்கு உட்பட்டு. அந்தக் கடைசி வார்த்தைகளை அவள் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் வேறு ஓர் இடம் சொன்னாள். சின்ன நிறுவனம், சம்பளம் பாதி, வயது கேட்பதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் அங்கேயும் அதே விதிதான். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே மாடிப்படி ஏறி மெக்கானிக்கிடம் போய்க் காசு கட்டி நம்பர் வாங்கி வந்தேன். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"ப்ரோவா மாத்திட்டேன்," என்றேன். "நல்லா பாத்துட்டேன்."

"சரிங்க," என்றாள். துண்டை நாற்காலி மேல் போட்டாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். அந்த வரியின் மேல் விரலை வைத்து வாய்க்குள்ளேயே ஒரு முறை படித்தாள். சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறையும் படித்தாள். பிறகுதான் படிவத்தை எடுத்தாள்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் சரிபார்த்தது அன்றைக்குத்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.